கடைசி 50 வீதம்

போன வருசக் கடைசியில வெள்ளவத்தையில ஒரு பிறந்தநாள் வீடு. ரோல்ஸும் பட்டீஸும் சாப்பிட்டுக்கொண்டு நிண்ட இடத்தில சொந்தக்கார அங்கிள் ஒருத்தர், பாங்கில மனேஜரா இருந்து பென்ஷன் எடுத்தவர், என்ன வேலை செய்யிறீர் பிள்ளை எண்டு கேட்டார். சின்னக் கொன்சல்டன்சி கம்பனி ஒண்டில இருக்கிறன் அங்கிள், என்ஜிஓக்கள், கவர்மென்ட் புரொஜெக்டுகள் எல்லாம் சரியா நடந்ததோ எண்டு போய்ப் பாத்து ரிப்போர்ட் எழுதுறது எண்டு சொன்னன். அவர் ஒரு செக்கன் கூட யோசிக்கேல்ல. "அப்ப காசு குடுக்கிறவனுக்கு ஏத்த மாதிரி எழுதிக் குடுக்கிறதுதானே வேலை" எண்டு சிரிச்சிட்டு கேக் வெட்டுற பக்கம் போயிட்டார்.

அதுக்கு நான் பதில் சொல்லாம விட்டது இன்னும் உள்ளுக்குள்ள அரிச்சுக்கொண்டே இருக்கு. கோவம் வந்தது உண்மை. ஏனெண்டா நேர்ப் பதில் "இல்லை" எண்டுறதுதான். இவ்வளவு காலத்தில ஒரு கிளையன்டும் என்னட்டப் பொய் எழுதச் சொன்னதில்லை, எங்கட கம்பனியை நடத்துற சேரும் சொன்னதில்லை. ஆனா அந்த "இல்லை"யை வாய் திறந்து சொல்ல வெளிக்கிட்டா, முழுசா வெளியில வருகுதில்லை. அங்கிள் சொன்னது பிழை எண்டு எனக்குத் தெரியும், ஆனா அவர் கைகாட்டின திசையில ஏதோ ஒண்டு இருக்கு எண்டதும் தெரியும். அது என்னெண்டு எழுதிப் பாத்தாத்தான் பிடிபடும் போல இருக்கு, அதுக்குத்தான் இது.

எங்கட ஒஃபிஸ் ஹவ்லொக் ரோட்டால இறங்கிற ஒரு ஒழுங்கைக்குள்ள இருக்கிற வீட்டின்ட மேல்மாடி. கீழ வீட்டுக்கார அன்ரி இருக்கிறா, பின்னேரம் நாலு மணிக்கு அவ மீன் பொரிக்கத் தொடங்கினா மேல ஸூம் மீட்டிங்கில இருக்கிற எல்லாருக்கும் பசி வரும். சேரோட சேத்து பத்துப் பேர் கூட இல்லை. சேர் சிங்களவர், திட்டமிடல் அமைச்சில வேலை செய்து நேரத்தோட வெளியில வந்து இதைத் தொடங்கினவர், திருகோணமலையில இருந்த காலத்தில பழகின தமிழ் கொஞ்சம் கதைப்பார். அவற்ற அறைக் கதவு மழைக்கு ஊறி வருசக்கணக்கா பூட்டுப்படுறதில்லை. அதுக்கு நேர எக்கவுண்ட்ஸ் பாக்கிற அக்கா, அவக்குப் பக்கத்து மேசை நான். இந்த இருக்கை ஒழுங்கை ஏன் சொல்லுறன் எண்டா, பெரிய கம்பனியில ரிப்போர்ட் எழுதுறவருக்கு பாங்கில எவ்வளவு கிடக்கு எண்டு தெரிய வராது. இங்க எனக்கு ஒரு காதில கிளையன்ட் என்ன சொல்லுறாங்கள் எண்டும் மற்றக் காதில பாங்கில கடனா எடுக்கிற ஓவர்டிராஃப்ட் எவ்வளவில நிக்குது எண்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் எழுதிக்கொண்டிருக்கிற அதே வசனத்துக்கு நடுவில.

வேலை எடுக்கிற வேலை

சின்ன கம்பனியில உண்மையா முக்கால்வாசி நேரம் போறது வேலை செய்யிறதில இல்லை, வேலை எடுக்கிறதில. டீஓஆர் எண்டு வேலை விவரம் ஒண்டு வரும், ஈஓஐ எண்டு எங்களுக்கு விருப்பம் எண்டு சொல்லுற கடிதம் அனுப்போணும், ஷோர்ட்லிஸ்ட்டில வந்தா புரொப்போசல் எழுதோணும். எங்க துறையில கூடுதலா பாவிக்கிறது தரமும் விலையும் சேத்துப் புள்ளி போடுற முறை, டெக்னிக்கலுக்கு 80 விலைக்கு 20, இல்லாட்டி 70க்கு 30. டெக்னிக்கல் புள்ளியில பெரிய பங்கு முக்கிய நிபுணர்களின்ட சிவிக்குப் போகும். எங்களிட்ட சம்பளத்துக்கு இருக்கிற ஒருத்தருக்கும் அவையள் கேக்கிற "குறைஞ்சது 15 வருட அனுபவம்" இல்லை, சேரைத் தவிர. அதால சிவி கடன் வாங்குறது. ரிட்டயர் ஆன புரொஃபெசர், முந்தி யூஎன்னில இருந்தவர், இப்பிடி ஆக்களிட்ட போன் எடுத்து, சேர் உங்கட பேரைப் போடட்டோ எண்டு கேட்டு, காசு குடுக்கிற ஒவ்வொரு டொனரின்ட ஃபோர்மட்டுக்கும் அந்த சிவியை மாத்தி எழுதி, கையெழுத்து வாங்கி. ஒரே மனிசன் ஒரே டெண்டருக்கு எங்களுக்கும் எதிர்க் கம்பனிக்கும் கையெழுத்து வச்சுக் குடுத்த கதையும் நடந்திருக்கு, ரெண்டு பக்கமும் அவருக்குக் கோல் எடுத்துச் சண்டை.

கவர்மென்ட் டெண்டர் எண்டா அது வேற உலகம். பத்தரமுல்ல செத்சிறிபாயவில இருக்கிற ஒரு அமைச்சுக்கு ஒருக்கா கொண்டுபோனம், மத்தியானம் ரெண்டு மணிக்கு டெண்டர் பெட்டி பூட்டுறது. ஒரிஜினல் ஒண்டு, கொப்பி மூண்டு, டெக்னிக்கல் வேற கவர், ஃபினான்ஷியல் வேற கவர், ரெண்டையும் சேத்து வெளிக் கவர், எல்லாத்திலயும் சீல். ஒவ்வொரு பக்கத்திலயும் இனிஷியல். த்ரீவீலுக்குள்ள மடியில பெட்டியை வச்சுக்கொண்டு ராஜகிரிய டிராஃபிக்கில நிண்டு, பின்னால இருந்தபடியே ஸ்டாம்ப் அடிச்ச அனுபவம் இந்தத் துறையில இருக்கிற எல்லாருக்கும் இருக்கும் எண்டு நினைக்கிறன். அங்க போனா எங்களைப் போல இன்னும் மூண்டு நாலு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நிப்பினம், கண்ணாலயே ஒருத்தரை ஒருத்தர் அளப்பம், பிறகு கன்டீனில ஒண்டா பிளேன்டீ குடிப்பம்.

இது எல்லாம் அலுப்பான வேலை எண்டாலும் எனக்குப் பிடிக்கும், பொய் சொல்லேல்ல. பெரிய இடத்தில இருக்கிற என்ர சிநேகிதிமார் பவர்பொயின்ட்டில அம்புக்குறி கீறிக்கொண்டு இருக்கிறபோது நான் கேள்விக்கொத்து தயாரிச்சு, ஃபீல்டுக்குப் போய், டேட்டா துப்புரவாக்கி, ரிப்போர்ட் எழுதி, அதைக் கொண்டுபோய் ஹோட்டல் மண்டபத்தில நிண்டு விளக்கியும் சொல்லுவன். எல்லாம் ஒரே ஆள். ஃபீல்ட் வடக்கு கிழக்கு எண்டா அனேகமா நான்தான், ஏனெண்டா ஒஃபிஸில தமிழ் கதைக்கிற ஆக்கள் நானும் அக்காவும் மட்டும், அக்காவை விட்டா சம்பளம் போடுறது ஆர். எங்கட வேலைக்கு வேதம் மாதிரி ஒரு ஆறு கேள்வி இருக்கு, ஓஈசிடி எண்ட பணக்கார நாடுகளின்ட அமைப்பு 1991இல அஞ்சாத் தொடங்கி 2019இல ஆறாக்கினது: புரொஜெக்ட் தேவையானதோ, மற்றதுகளோட ஒத்துப்போகுதோ, சொன்னதைச் செய்ததோ, செலவுக்கு ஏத்த பலனோ, மாற்றம் வந்ததோ, பிறகும் நிலைக்குமோ. இந்த ஆறில கடைசியாய் நிக்கிற "நிலைக்குமோ" எண்டதிலதான் எப்பவும் பிரச்சினை வரும்.

காசு வாற ஒழுங்கு

அங்கிளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான் எண்டு இப்ப விளங்குது. எங்கட கொன்ட்ராக்டில பின்னுக்கு ஒரு சின்ன அட்டவணை இருக்கும், கொடுப்பனவு ஒழுங்கு எண்டு. கம்பனிக்குக் கம்பனி வித்தியாசப்படும், ஆனா ஏறக்குறைய இப்பிடி வரும்: ஆரம்ப அறிக்கைக்கு 20 வீதம், வரைவு அறிக்கைக்கு 30, இறுதி அறிக்கை "ஏற்றுக்கொள்ளப்பட்ட" பிறகு 50. செலவோ தலைகீழ். வான், தங்குமிடம், வீடு வீடாப் போய்க் கேள்வி கேக்கிற எனுமரேட்டர் பிள்ளையளின்ட நாள்கூலி, டேப்லெட்டுக்கு டேட்டா, எல்லாம் ஃபீல்டிலயே முடியும். அதாவது வேலையின்ட செலவு முழுக்க முடிஞ்ச இடத்தில கையில பாதிக் காசுகூட வந்திருக்காது. மிச்சப் பாதி ஆற்றயோ மெயிலுக்காகக் காத்திருக்கும். அந்த மெயிலை அனுப்புற ஆள் ஆர்? நாங்க எந்தப் புரொஜெக்டைப் பாத்து எழுதினமோ அந்தப் புரொஜெக்டை நடத்துறவை.

இதில ஒரு சதித்திட்டமும் இல்லை. ஆரும் இருந்து யோசிச்சு இப்பிடி அமைக்கேல்ல. வேலையை ஒழுங்கா முடிச்சுத் தரவேணும் எண்டு ஒரு கொள்முதல் பிரிவு பயந்து போட்ட ஒழுங்குதான். தார் ரோட்டுக்கு, கட்டடத்துக்கு அது சரி. கட்டடம் ஒழுகினா ஆரும் போய்ப் பாக்கலாம். ரிப்போர்ட் நல்லதோ கெட்டதோ எண்டதை அதில குறை சொல்லப்பட்ட ஆளே தீர்மானிக்கிறார் எண்டதை அந்த அட்டவணை யோசிக்கேல்ல.

2022க்கு முதல் இது எனக்கு இவ்வளவு உறைக்கேல்ல. காசு பிந்தினா பிந்திறதுதான், சேர் பாங்கில கதைச்சு சமாளிப்பார். 2022 மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூவாயளவில நிண்டது, மே மாசம் 360. ரூவாயில கையெழுத்து வச்ச கொன்ட்ராக்டுகள் ஒவ்வொரு கிழமையும் சுருங்கிக்கொண்டு போனது, காத்திருந்த கடைசி 50 வீதம் வந்து சேரேக்குள்ள அது பேருக்குத்தான் 50. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில வட்டியை 7 வீதப் புள்ளியால ஏத்தினது, அண்டைக்கு அக்கா கல்குலேட்டரை வச்சிட்டு எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தா. ஓவர்டிராஃப்டில சம்பளம் போடுற கம்பனிக்கு அது என்ன எண்டு சொல்லத் தேவையில்லை. VAT (பெறுமதி சேர் வரி) பதிவு இருக்கிற கம்பனி எண்டா இன்னொரு கூத்து: இன்வொய்ஸ் போட்டா அடுத்த மாசம் 20ஆம் திகதிக்கு முதல் VAT கட்டோணும், கிளையன்ட் காசு தந்தானோ இல்லையோ. 2024 ஜனவரியில அது 18 வீதமாச்சு. இன்னும் வராத காசுக்கு 18 வீதம். அதால அக்கா ஃபைனல் இன்வொய்ஸைப் போடாம இழுப்பா, சேர் போடச் சொல்லுவார், இது எல்லாம் அந்தப் பூட்டாத கதவால எனக்குக் கேக்கும்.

இணைப்பு 7

இப்ப விசயத்துக்கு வாறன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வாழ்வாதாரப் புரொஜெக்ட், எந்த நிறுவனம் எண்டு சொல்லப்போறதில்லை. மாதர் சங்கங்களுக்கு மா, மிளகாய் அரைக்கிற மில்லுகள் குடுத்தது. கடலாசில நல்ல திட்டம், பொம்பிளையளுக்கு வருமானம், ஊருக்குள்ளயே சேவை. நாங்க போன ஊரில சங்கத்தின்ட செயலாளர் அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் தகரக் கொட்டிலைத் திறந்து காட்டினா. மிசினுக்கு மேல யூரியா பையைக் கிழிச்சு விரிச்சு மூடியிருந்தது. பையைத் தூக்கினா, திறப்பு விழாவுக்குப் பூசின சந்தனமும் குங்குமமும் பெயின்டில காஞ்சுபோய் அப்பிடியே கிடக்கு, கைபிடியில ரிபன். மா தூசி எண்டு ஒரு பொட்டும் இல்லை. மோட்டருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேணும், கொட்டிலுக்கு வந்தது வீட்டுக்கு வாற மாதிரிச் சிங்கிள் ஃபேஸ் லைன், அதில அது ஓடாது. அவ ஒரு பழைய ஃபைலுக்குள்ள இருந்து மின்சார சபை குடுத்த எஸ்டிமேட்டை எடுத்து விரிச்சா. சங்கத்தின்ட பாங்க் புத்தகத்தில இருந்த காசை விட அது பல மடங்கு.

"மிசினைக் குறை சொல்ல ஏலாது பிள்ளை. லைனுக்கு ஆர் காசு கட்டுறது எண்டுதான் ஒருத்தரும் யோசிக்கேல்ல" எண்டா. லைன் எடுத்த சங்கங்களும் இருந்தது. அவைக்கு அடுத்த அடி, 2022 ஆகஸ்டில கரண்ட் கட்டணம் சராசரியா 75 வீதம் ஏறினது, 2023 பெப்ரவரியில திரும்ப 66 வீதம். புரொஜெக்ட் கணக்குப் போட்டது அதுக்கு முதல் விலையில. அரைக்கிற கூலியை ஏத்தினா சனம் டவுணில இருக்கிற தனியார் மில்லுக்குப் போகும், ஏத்தாட்டி பில் கட்டேலாது. போய்ப் பாத்த மில்லுகளில ஓடினது கொஞ்சம்தான். வெளிக்கிடேக்குள்ள அந்த அக்கா "இதை எழுதுவீங்களோ" எண்டு கேட்டா. எழுதுவன் அக்கா எண்டு சொன்னன். எழுதினன். எந்த ஊர், லைன் இருக்கோ, ஓடுதோ, மாச பில் எவ்வளவு எண்டு ஒரு பக்க அட்டவணை, நாலாம் அத்தியாயத்தின்ட நடுவில. அந்த ரிப்போர்ட்டில நான் சந்தோசப்பட்ட ஒரே பக்கம் அதுதான்.

வரைவு போய் கன நாளைக்குப் பிறகு கருத்து அட்டவணை வந்தது. எக்ஸெல் ஷீட், பக்க இலக்கம், கருத்து, கொன்சல்டன்டின் பதில் எண்டு நிரல்கள். நூறு வரிசை கிட்ட. லோகோ பெரிசா இருக்கு, கமா இல்லை, படத்தில இருக்கிற பிள்ளையின்ட சம்மதக் கடிதம் எங்க, இப்பிடி. நடுவில ஒரு வரிசை, மரியாதையா எழுதினது: இந்த அட்டவணை அறிக்கையின் ஓட்டத்தைத் தடைசெய்கிறது, இணைப்புப் பகுதிக்கு மாற்றப் பரிந்துரைக்கிறோம். அவ்வளவுதான். அட்டவணை பிழை எண்டு சொல்லேல்ல, எடுங்கோ எண்டு சொல்லேல்ல, ஒரு இலக்கத்தை மாத்தச் சொல்லேல்ல. எழுதினது அந்தப் பக்கத்துப் புரொஜெக்ட் ஒஃபிசர், எனக்கு ஏறக்குறைய என்ர வயசு, நல்ல பிள்ளை, ஃபீல்டில எங்களுக்கு எல்லா உதவியும் செய்தவ. அவவின்ட கொன்ட்ராக்ட் அடுத்த கட்டம் வந்தாத்தான் நீடிக்கும் எண்டும் எனக்குத் தெரியும்.

எனக்குக் கொதிச்சுது. சேரின்ட அறைக்குள்ள போய் இதை மாத்தேலாது எண்டு சொன்னன். முழு ரிப்போர்ட்டும் அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் எண்டு கதைச்சுக்கொண்டு நிக்கேக்குள்ள அக்காவின்ட போன் அடிக்குது, அவ ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைக்கிறவ. முல்லைத்தீவில இருந்து எனுமரேட்டர் பிள்ளை ஒண்டு. கம்பஸ் முடிச்சிட்டு வேலை இல்லாம இருந்த பிள்ளையள், நாங்கதான் தேடிப் பிடிச்சு ட்ரெயின் பண்ணி வெயிலுக்குள்ள வீடு வீடா அனுப்பினது. "அக்கா அந்த மிச்சக் காசு எப்ப வரும், மோட்டசைக்கிள் லீசிங் கட்டோணும்." அக்கா இந்தக் கிழமை, இந்தக் கிழமை எண்டு சமாளிக்கிறா. நானும் சேரும் ரெண்டு பேரும் பேசாம அதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறம். அவர் என்னைப் பாத்து, மாத்தாம விட்டா என்ன நடக்கும் எண்டு கேட்டார். ரெண்டு பேருக்கும் தெரியும். இன்னொரு சுற்றுக் கருத்து, இன்னொரு மீட்டிங், அவையின்ட பெரியவர் லீவு, இன்னும் ஒண்டரை ரெண்டு மாசம். மில் ஓடாத பொம்பிளையளுக்காக நான் பிடிவாதம் பிடிக்கிறன், அதுக்கு விலை குடுக்கிறது அதே மாவட்டத்தில மோட்டசைக்கிள் லீசிங் கட்டுற பிள்ளை. சேர் அந்தக் காலத்தில தன்ர சம்பளத்தை எடுக்காம விட்டுக் கன மாசம், அதையும் அக்காதான் எனக்குச் சொன்னவ, அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் முழுக்க விட்டுக்குடுக்கவும் இல்லை. அட்டவணையை இணைப்புக்குக் கொண்டுபோவம், ஆனா நாலாம் அத்தியாயத்தில "பார்க்க: இணைப்பு 7" எண்டு ஒரு வரியும், பெரும்பாலான மில்லுகளுக்கு மின்சாரப் பிரச்சினை இருக்கு எண்டு ஒரு வசனமும் நிக்கோணும், அதில கை வைக்க விடமாட்டன் எண்டார். அப்பிடியே நடந்தது. ரிப்போர்ட் ஏற்றுக்கொள்ளப்பட்டது, காசு வந்தது, அக்கா அண்டைக்கே எனுமரேட்டர்மாருக்குப் போட்டா.

அந்த ரிப்போர்ட்டில இண்டைக்கும் ஒரு பொய் இல்லை. ஆருக்கும் துணிஞ்சு காட்டலாம். ஆனா நூற்றி ஐம்பது பக்க ரிப்போர்ட்டில முதல் எட்டுப் பக்கச் சுருக்கத்தைத் தாண்டி வாசிக்கிறவை எத்தினை பேர் எண்டு எங்கட துறையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும், எங்களிட்ட அந்த வேண்டுகோளை வச்சவைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கிள் கேட்டதுக்கு "இல்லை" எண்டு சொல்லேக்குள்ள தொண்டையில நிக்கிறது இந்த இணைப்பு 7தான்.

ஆர் வாசிச்சது

இதோட முடிஞ்சிருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும், துறையே அழுகிப்போச்சு எண்டு ஒரு பதிவு போட்டுட்டு இருந்திருப்பன். ஆனா கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அந்தப் புரொஜெக்டின்ட ரெண்டாம் கட்டத்துக்கு அடிப்படை ஆய்வு செய்ய டீஓஆர் வந்தது, வேற மாவட்டம். புரொஜெக்ட் ஆவணமும் இணைச்சிருந்தது. பட்ஜெட்டைக் கீழ இழுத்துப் பாக்கிறன், மில்லுக்குக் கீழ தனியா ஒரு வரி: மூன்று கட்ட மின்னிணைப்பு, ஒவ்வொரு சங்கத்துக்கும். அதுக்குக் கீழ முதல் ஆறு மாச மின்கட்டணத்துக்கு ஒரு தொகை. ஆரோ இணைப்பு 7ஐ வாசிச்சிருக்கினம். அட்டவணையை இணைப்புக்கு அனுப்பச் சொன்ன அந்தப் பிள்ளையாவே இருக்கலாம், அவதான் அந்த ஆவணத்தை எழுதுற இடத்தில இருந்தவ. வெளியில தெரியாத இடத்தில வச்சுக்கொண்டு உள்ளுக்குள்ள திருத்தியிருக்கினம் எண்டு எடுக்கலாம். சேருக்குச் சொன்னன், அவர் ஒண்டும் சொல்லேல்ல, சிரிச்சார், எனக்கு அந்தச் சிரிப்பு எரிச்சலைத்தான் கிளப்பினது. ஏனெண்டா ரெண்டாம் கட்டத்தில முல்லைத்தீவு இல்லை. பாடம் படிச்சது புரொஜெக்ட், ஆற்ற கொட்டிலில படிச்சதோ அவைக்கு லைன் வரேல்ல. முன்னால அத்தியாயத்தில நிண்டிருந்தா ஆராவது ஒரு பெரியவர் மண்டபத்தில எழும்பி, சரி இந்த ஊர்களுக்கு என்ன செய்யப்போறீங்கள் எண்டு கேட்டிருப்பார் எண்டு நான் நம்புறன். கேட்டிருக்கவும் மாட்டார் எண்டு சேர் நம்புறார். இதில நாங்க ரெண்டு பேரும் இன்னும் சமாதானம் ஆகேல்ல.

பிறகு 2025 ஜனவரி 20 வந்தது. வாஷிங்டனில அமெரிக்க ஜனாதிபதியின்ட ஒரு கையெழுத்து, வெளிநாட்டு உதவி எல்லாம் 90 நாளைக்கு நிப்பாட்டு எண்டு. கொழும்பில அந்தக் கிழமை ஆரைப் பாத்தாலும் இதே கதை. எங்களுக்கும் ஒரு பெரிய கம்பனிக்குக் கீழ சப்கொன்ட்ராக்டா அமெரிக்கக் காசில ஒரு வேலை இருந்தது, வேலையை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் வரேக்குள்ள எங்கட ஆக்கள் ஃபீல்டில. ஜூலை 1ஆம் திகதியோட அமெரிக்க அரசின்ட உதவி நிறுவனமான யூஎஸ்எய்டே இல்லாமப் போச்சு. நாங்க நாள் முழுக்கக் கட்டி மாரடிக்கிற லொஜிக்கல் ஃபிரேம்வேர்க் எண்ட, புரொஜெக்டின்ட நோக்கம், வேலை, அளவுகோல் எல்லாத்தையும் ஒரே இடத்தில போடுற அட்டவணை 1969இல அவைக்காகத்தான் முதல் முதல் செய்தது, செய்விச்ச நிறுவனம் போயிட்டுது, அட்டவணை எங்களை விடேல்ல.

அதுக்குப் பிறகு சந்தை சின்னனாச்சு, கம்பனிகள் அவ்வளவே. ஆகக் குறைஞ்ச விலை போட்டவருக்கு விலைப் புள்ளி முழுசு, மற்றவைக்கு அதுக்கு ஏத்தபடி குறையும். அப்ப எல்லாரும் விலையை வெட்டுறம். எங்க வெட்டுறது? நிபுணர்களின்ட நாளை வெட்டினா டெக்னிக்கல் புள்ளி போகும். ரிப்போர்ட் வடிவமைப்பை வெட்டினா கிளையன்டுக்குப் பிடிக்காது. மிஞ்சுறது ஃபீல்ட் நாள். பத்து நாள் போற இடத்துக்கு அஞ்சு நாள், போற ஊரை டிஎஸ் ஒஃபிஸ், அதாவது பிரதேச செயலகமே தெரிஞ்சு தரட்டும், ரோட்டுக்குக் கிட்ட இருக்கிற ஊராப் பாப்பம். அப்பிடிப் போற வானுக்கு அந்தத் தகரக் கொட்டில் கண்ணில படாது. இணைப்பில கூடப் போட ஒண்டும் இருக்காது. ரிப்போர்ட்டை மழுப்புறது பற்றி இவ்வளவு எழுதிட்டன், ஆனா இப்ப எனக்கு அதை விடப் பயம் இதிலதான், மழுப்ப விசயமே இல்லாத ரிப்போர்ட்டுகள். அங்கிள் நினைக்கிற மாதிரி ஆரும் எழுதிக் குடுக்கத் தேவையில்லை, விலைக்கவருக்குள்ளயே அது முடிஞ்சிருக்கும்.

என்னால செய்ய ஏலுமானதா நான் ஒண்டு செய்யத் தொடங்கியிருக்கிறன். புரொப்போசல் எழுதுறது நான் எண்டபடியா கொடுப்பனவு ஒழுங்கையும் நானே எழுதுறன்: ஃபீல்டுக்கு வெளிக்கிட முதல் 40, வரைவுக்கு 50, கடைசிக்கு 10 மட்டும். கூட ஒரு வரி: வரைவு குடுத்து 15 வேலைநாளுக்குள்ள கருத்து வராட்டி ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். சேர் முதல் சிரிச்சார், பிறகு போட்டுப் பார் எண்டார். அனேகமான இடங்களில அதை அப்பிடியே வெட்டிட்டுத் தங்கட ஸ்டான்டர்ட் ஒழுங்கை ஒட்டி அனுப்பினாங்கள். போன மாசம் ஒரு கொன்ட்ராக்ட் வந்தது, பாத்தா 15 நாள் வரி தொடாம இருக்கு, கடைசிக்கு 10 வீதம் எண்டதும் இருக்கு. நம்பேலாம அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினன். அவ கண்ணாடியைப் போட்டு மேல இருந்து வாசிச்சிட்டு, தங்கச்சி முதல் வரியைப் பாத்தீரோ எண்டு கேட்டா. ஃபீல்டுக்கு முதல் எண்டு நான் போட்ட 40ஐ வெட்டி வரைவோட சேத்து 90 ஆக்கியிருக்கினம். சேர் கையெழுத்து வச்சிட்டார். வவுனியாவுக்கு அடுத்த மாசம் வெளிக்கிடோணும், வான் காசுக்கு அக்கா இப்பவே பாங்க் மனேஜரோட கதைக்கத் தொடங்கிட்டா.